பாதி பிரித்த குல்லா

என் கண்ணுகளா, அம்மா பின்னல் ஊசியையும் நூலையும் எடுத்து உட்கார்ந்தால் நீங்கள் ரெண்டு பேரும் சிரிக்கிறீர்கள். நெய்வேலி வெயிலில் யாருக்கம்மா கம்பளி என்று கேலி செய்கிறீர்கள். போன வாரம் பெரியவள், "இத எப்பம்மா கத்துக்கின?" என்று கேட்டாள். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். அதற்கு மேல் அவள் சொல்ல மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பெரியவளே, உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு குழந்தை தங்கியது. ஐந்தாம் மாதம் நடக்கும்போது போய்விட்டது. அதற்குள் உங்கள் அம்மா ஆசைப்பட்டு ஒரு மஞ்சள் சட்டை தைத்து வைத்திருந்தாள், உள்ளங்கை அகலத்துக்கு. நம்ம பக்கத்தில் பிறக்காத பிள்ளைக்கு எதுவும் செய்து வைக்கக் கூடாது என்பார்கள். துணி வாங்கக் கூடாது, தொட்டில் கட்டக் கூடாது. பிறந்த பிறகும் முதலில் சுற்றுவது பழைய வேட்டிதான். குழந்தை போனதும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி அந்தச் சட்டையைத்தான் கேட்டார்கள். "தச்சியா? அப்பவே தச்சிட்டியா?" என்று. டாக்டர் வேறு காரணம் சொன்னார். ஆனால் டாக்டர் சொன்னது ஒருமுறை. இவர்கள் சொன்னது தினமும்.

அதற்குப் பிறகு அம்மாவின் கை சும்மா இருக்காது. புடவைத் தலைப்பை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். சாப்பிடும்போதுகூட இடது கை மடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் லைன் வீட்டு வரிசையில் அடுத்த வீட்டுக்கு ஊட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஒரு பெண் வந்திருந்தாள். அம்மா வயசுதான். அவள் பின்னுவதை அம்மா பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒருநாள் அந்தப் பெண் தன்னிடம் இருந்த உபரி ஊசி ரெண்டையும் கலர் கலராகக் கொஞ்சம் உல்லன் நூலையும் கொடுத்தாள். அன்றைக்கு ராத்திரிதான் நான் அம்மா மூச்சு சீராக வருவதைக் கேட்டேன்.

அப்போது நான் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். பெரிய மிஷின் வெட்டிப் போடுகிற மண்ணும் கரியும் பெல்ட்டில் ஓடும். ஓடும்போது சிந்துகிறதைப் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து வாரிப் போடுவது எங்கள் வேலை. எந்தப் பெல்ட்டுக்கு அனுப்புகிறார்களோ அந்த மண் சட்டையில் ஏறிவிடும். மேல் மண் பெல்ட் என்றால் சிவப்பு. களிமண் என்றால் வெள்ளை. கரி பெல்ட் என்றால் பழுப்பும் கறுப்பும். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டதும் அம்மா பார்ப்பாள். "இன்னிக்குச் சிவப்பா?" என்பாள். பிறகு சிவப்பு நூலை எடுத்து ரெண்டு மூணு வரிசை பின்னுவாள். மறுநாள் கறுப்பு. நிலத்தடித் தண்ணீரை இறைக்கிற பம்ப் பக்கம் அனுப்பின நாளில் சட்டையில் மண்ணே இல்லை. அன்றைக்கு நீலம் போட்டாள். அவள் மைன்ஸுக்குள் இறங்கியதே இல்லை. ஆனால் அவள் பின்னியதைக் கையில் வைத்துப் பார்த்தால் நான் எங்கே குனிந்தேன் என்று எனக்கே ஞாபகம் வரும்.

பெரியவளே, நீ வயிற்றில் தங்கினதும் பயம் வந்துவிட்டது. அம்மா பின்னுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கை மறுபடி புடவையை மடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். ஒரு சாண் நீளம் வந்ததும் பிரித்துவிடுவாள். எல்லாவற்றையும் உருட்டி வைத்துவிட்டு மறுநாள் முதலிலிருந்து. முடிக்காத வரைக்கும் அது ஒரு பொருள் இல்லை, யாருக்கும் செய்ததும் இல்லை. அகலம் மட்டும் எப்போதும் ஒரே அளவு. ஒரு சின்னத் தலையைச் சுற்றி வருகிற அளவு. நான் அதைப் பார்த்தேன், கேட்கவில்லை.

எட்டாம் மாதம் ஆரம்பித்ததும் துணைக்கு உங்கள் பெரியம்மா முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோல் வெடித்திருக்கும். வந்த அன்றைக்கே ஊசியைப் பார்த்துவிட்டார்.

"அடிப்பாவி, தெரிஞ்சிகினே செய்யறியே! பட்டது பத்தாதா உனக்கு?"

"இது யாருக்கும் இல்லக்கா. சும்மா கைக்கு."

"கைக்கா? இந்த ஊர்ல கைக்குக் கம்பளி சுத்திகினு எவ நிக்கறா, காட்டு பாக்கலாம்."

"பிரிச்சுடுவேன்க்கா. ஒரு சாண் வந்தா பிரிச்சுடறேன். அவரையே கேளு."

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயாவது சொல்லக் கூடாதா? நீயும் கூட சேர்ந்துகினு கலர் சொல்றியாமே!"

நான் சோற்றைப் பிசைந்தேன். யார் பக்கம் பேசினாலும் வீட்டில் ஒரு ஆள் அழுவார்.

அந்த வருஷக் கடைசியில்தான் பெரிய புயல் வந்தது. விடியும் நேரத்தில் காற்று ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக் கூரை ஷீட் ரெண்டு பிய்த்துக்கொண்டு போனது. மூணு பேரும் சுவர் மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அம்மா என் கையைப் பிடித்தாள். பிடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. நாள் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

காற்று தணிந்ததும் வெளியே வந்து பார்த்தால் தெருவே இல்லை. மரம்தான் இருந்தது. எங்கள் லைன் ஆட்கள் கத்தி, கோடாரி எடுத்து முன்னால் வெட்டிக்கொண்டே போக, பின்னால் லோடு ஆட்டோ ஊர்ந்தது. அதில் பாய் விரித்து அம்மாவைப் படுக்கவைத்தோம். பெரியம்மா ஒரு பையில் கிழித்த பழைய வேட்டி, பழைய புடவை, பிளாஸ்க் எல்லாம் வைத்திருந்தார். புதுசாக ஒரு நூல்கூட இல்லை. அவர் ஊர்ப்பக்கம் முந்திரித் தோப்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது என்று வழியில் ஒருவர் சொன்னார். பெரியம்மா வீடு நிற்கிறதா என்று தெரியாது. போனும் வேலை செய்யவில்லை. "அத அப்புறம் பாக்கலாம், நீ வண்டியை வுடச் சொல்லு" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் ரெண்டு மூணு லைட் மட்டும் எரிந்தது. அம்மாவைப் பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் புடவைக்குள்ளிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து என் கையில் திணித்தாள். உள்ளே ஊசியோடு அந்தப் பின்னல். ஒரு சாண் வந்திருந்தது. புயல் பயத்தில் பிரிக்க மறந்திருக்கிறாள்.

"பிரிச்சுடுங்க" என்றாள். உதடெல்லாம் வறண்டிருந்தது. "புள்ள வர்றதுக்குள்ள முழுசா பிரிச்சுடுங்க. ஒண்ணும் இல்லாம ஆக்கிடுங்க."

"சரி, நீ போ."

"இப்பவே."

கதவைச் சாத்திவிட்டார்கள். பெரியம்மா என் கையைப் பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பிரி தம்பி" என்று மட்டும் சொன்னார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஊசியை உருவினேன். நூலை இழுத்தால் கண்ணி கண்ணியாகக் கழன்று வந்தது. எதிர் பெஞ்சில் பண்ருட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், மகளைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தார்.

"இன்னாப்பா, மைன்ஸ்ல இப்ப ஆம்பளைங்களுக்குப் பின்ற வேலையும் குடுத்துட்டாங்களா?"

"பின்னல, பிரிக்கிறேன்."

"அதானே பாத்தேன். பிரிக்கிறதுன்னா ஆம்பளைக்குச் சொல்லியே தர வேணாம்."

பெஞ்சில் ரெண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே உள்ளேயிருந்து உங்கள் அம்மாவின் சத்தம் வந்தது. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். மேலே இருந்தது புயலுக்கு முந்தின நாளின் சாம்பல் நிறம், களிமண்ணும் கரியும் கலந்து சட்டையில் ஏறின நாள். அது போனது. அடுத்து நீலம் வந்தது. பம்ப் பக்கம் போன நாள். அன்றைக்கு அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். அதுவும் போனது. வரிசை வரிசையாக நாங்கள் பயந்து பயந்து கடந்து வந்த நாளெல்லாம் மடியில் சுருண்டு விழுந்தது. உள்ளே அவள் கத்தினால் என் கை வேகமாக இழுத்தது. சத்தம் நின்றால் கையும் நின்றது. சத்தம் நிற்பதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. அம்மாவுக்கு ஊசி எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கை ஓடிக்கொண்டிருந்தால் மனசு அதன் பின்னாலேயே ஓடி வருகிறது, வேறு எங்கும் போவதில்லை.

நான் வெள்ளை வரிசையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. நர்ஸம்மா வந்தார். என் பேரைச் சொல்லவில்லை, அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"பொம்பளப் புள்ள. ரொம்பச் சின்னதா இருக்குது. அழுதுச்சு, ஆனா சூடு நிக்கல. தலைக்குப் போட இன்னா வச்சிருக்கீங்க?"

பெரியம்மா பையைத் திறந்து வேட்டித் துணியை நீட்டினார்.

"இது சுத்திட்டேன்மா, பத்தல. தலை வழியாத்தான் சூடெல்லாம் போவும். குல்லா இல்லியா? கம்பளி ஏதாவது?"

பெரியம்மா பையை அடிவரைக்கும் துழாவினார்.

"எல்லாரும் இப்பிடித்தான் வர்றீங்க. முன்கூட்டி வாங்கக் கூடாதுன்னு வெறும் கையோட வர்றீங்க. சூடாக்கற பொட்டியில ஏற்கெனவே ரெண்டு புள்ளைங்க கெடக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னா ரோடெல்லாம் மரம். ரோடு திறக்கற வரைக்கும் நாமதான் சூட்டைப் புடிச்சு வைக்கணும்."

"நான் போய் வாங்கியாறேன்மா" என்று எழுந்தேன்.

"எங்க போவ? எந்தக் கடை திறந்திருக்குது?" என்றவர் என் கையில் இருந்ததைப் பார்த்தார். "அது இன்னா, உல்லனா?"

"முடிக்காததும்மா. பிரிச்சிகினு இருக்கேன்."

"பிரிக்கிறியா! யோவ், முடிச்சுக் குடுய்யா சீக்கிரம்" என்று சொல்லிவிட்டுக் கதவுக்குள் போய்விட்டார்.

முடிப்பது எப்படி என்று எனக்கு எங்கே தெரியும்? ஊசியை உருவிவிட்டேன். வாய் திறந்த கண்ணி எல்லாம் வரிசையாக நின்றது. திருப்பிப் பார்த்ததில் துணி ஆட, ஓரத்தில் நாலைந்து கண்ணி தானாகவே கீழே ஓடியது. மிச்சம் இருந்தது அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேல். அதுவும் ஓடிவிட்டால் ஒன்றுமே இல்லை.

"ஆட்டாத! அப்பிடியே புடி!" பெரியம்மாதான் கத்தினார். கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. கழன்று கிடந்த நூலை அந்தக் கொண்டை ஊசியின் வளைவில் முடிந்தார். ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் அந்த ஊசியை விட்டு வாங்க ஆரம்பித்தார். வெடித்த விரலில் நூல் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு விடுவித்தார். எதிர் பெஞ்ச் அம்மா எழுந்து தள்ளி நின்றார், ஜன்னல் வெளிச்சம் எங்கள் கையில் விழட்டும் என்று. யாரும் ஜோக் அடிக்கவில்லை.

"அக்கா," என்றேன், "நீங்கதான் கூடாதுன்னீங்க."

"பொறக்கறதுக்கு முன்னாடி கூடாதுன்னேன். பொறந்துடுச்சில்ல? கத்துச்சில்ல? கேட்டியா இல்லியா?" அவர் கை நிற்கவில்லை. "இப்ப செய்யலன்னாதான் தப்பு. நீ கீழ ஓடுனத விரல்ல தாங்கிப் புடி, நான் கோக்கறேன்."

கடைசிக் கண்ணியும் ஏறியதும் நூலை இழுத்தார். மேல் வாய் சுருக்குப்பை மாதிரிச் சுருங்கி மூடிக்கொண்டது. பக்கவாட்டை அதே ஊசியால் கண்டபடி சேர்த்தார். தையல் கோணல். உச்சியில் ஒரு முடிச்சு துருத்திக்கொண்டு நின்றது. நர்ஸம்மா வந்து வாங்கி, திருப்பிப் பார்த்து, "இன்னும் ரெண்டு வரிசை பிரிச்சிருந்தா காது மூடாது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார். "அவங்கம்மாவுக்கு ரத்தம் நெறய போயிருக்குது, மயக்கமா கெடக்காங்க. யாராவது ஒருத்தர் வாங்க. புள்ளையை வெறும் நெஞ்சோட வச்சிகினு உக்காரணும்."

பெரியம்மா தன் கையை நீட்டிக் காட்டினார். "கொட்ட எண்ணெ பட்ட கை, நெஞ்சு வரைக்கும் தோலு உரியுது. நீ போ தம்பி."

"நானா? பொம்பளைங்க இருக்கற எடத்துல..."

"சூட்டுல ஆம்பள இன்னா, பொம்பள இன்னா?" என்றார் நர்ஸம்மா. "சட்டையைக் கழட்டிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிகினு வா."

திரை கட்டிய ஒரு மூலையில் என்னை உட்காரவைத்து உன்னை என் நெஞ்சில் படுக்கவைத்தார்கள். மேலே புடவையைச் சுற்றினார்கள். நான் தினமும் எடுத்துப் போகிற சோற்றுத் தூக்கைவிட நீ கனம் குறைவு. கால் ரெண்டும் சில்லென்று இருந்தது. "இந்தக் காலைத் தொட்டுப் பாத்துகினே இரு. இன்னும் சில்லுன்னு போனா குரல் குடு" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா வேறு வேலைக்குப் போனார். நான் மூச்சை மெதுவாக விட்டேன். வேகமாக விட்டால் நீ நழுவிவிடுவாயோ என்று பயம். குல்லாவுக்குக் கீழே உன் முகம் ஒரு பிடிக்குள் இருந்தது. உன் மூச்சு சில சமயம் நிற்கும். நான் எண்ணுவதற்குள் மறுபடி வரும்.

பொழுது சாய்கிற நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா குரல் கேட்டது. விழித்துவிட்டாள்.

"ஏங்க."

"இங்கதான் இருக்கேன்."

"பிரிச்சுட்டீங்களா?"

குழந்தை எப்படி என்று கேட்கவில்லை. கேட்க அவளுக்குப் பயம். முழுசாகப் பிரித்துவிட்டேன் என்றால் பொய். பிரிக்கவில்லை என்றால் அவள் என்ன நினைப்பாள்?

"பாதிதான் பிரிச்சேன்" என்றேன்.

சொட்டுச் சொட்டாக டிரிப்ஸ் இறங்குவதுதான் திரையில் நிழலாகத் தெரிந்தது.

"மீதி?"

"மீதி அவ தலையில இருக்குது."

அம்மா அழுதாள். சத்தம் வராமல்தான் அழுதாள், ஆனால் கட்டில் ஆடியது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவளா?" என்றாள்.

"ஆமா. பொம்பளப் புள்ள."

"சிவப்பு இருக்குதா அதுல?"

"காது கிட்ட சிவப்பு. நடுவுல கறுப்பு. உச்சியில வெள்ளை. நீலத்தை நான் பிரிச்சுட்டேன்."

"நீலம் போனாப் போவுது" என்றாள். "கால் சூடா இருக்குதா பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. ஆனால் முன்னைவிட மோசம் இல்லை. அப்படியே சொன்னேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் தொட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்கள் ரெண்டு பேருக்கும் வேறு பேச்சே இல்லை.

விடிந்ததும் டாக்டர் வந்து பார்த்தார். உன் உள்ளங்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். நீ காலை இழுத்துக்கொண்டாய். பாலாடையில் ரெண்டு மூணு சொட்டுப் பால் உள்ளே போனது. "சூடு நின்னிருக்குது. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் இப்படியே இருந்தா அனுப்ப வேணாம், இங்கயே பாத்துக்கலாம்" என்றார். உன்னைத் தூக்கி அம்மாவின் நெஞ்சில் வைத்தார்கள். வைத்த கையோடு நீ அந்த ரெண்டு சொட்டுப் பாலையும் கக்கினாய். குல்லாவின் ஒரு பக்கம் நனைந்துவிட்டது.

நர்ஸம்மா அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "ஈரக் குல்லா ஆவாது, இருக்கிற சூட்டையும் உறிஞ்சிடும். அலசிக் காய வச்சு எடுத்தா. அது வரைக்கும் நாலு மடிப்பு வேட்டியைச் சுத்தறேன். லேட் பண்ணாத."

குழாயடியில் அலசினேன். தண்ணீர் முதலில் பழுப்பாக வந்தது. முறுக்கினால் பின்னல் போய்விடுமோ என்று உள்ளங்கையில் வைத்து அழுத்தி அழுத்திப் பிழிந்தேன். வெளியே வெயில் இல்லை. புயலுக்குப் பிறகு வானம் முழுக்க மூடிக் கிடந்தது, தூறல் வேறு. எங்கே காயவைப்பது என்று கட்டிடத்தைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஜன்னல் மாதிரி இருந்த கம்பி வழியாகச் சூடான காற்று அடித்தது. புகைக் குழாய் அடுத்த பக்கம். அங்கே யாரும் இல்லை. நான் போய் அந்தக் காற்றுக்கு முன்னால் நின்றேன். குல்லாவுக்குள் ரெண்டு கை விரலையும் விட்டு, ஒரு தலை அளவுக்கு விரித்துப் பிடித்தேன். விரல் சுட்டது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பினேன். டீசல் வாடை ஏறியிருக்கிறதா என்று மூக்கில் வைத்துப் பார்த்தேன். காய்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். உச்சியில் முடிச்சு இருந்த இடம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த முடிச்சை மட்டும் காற்றுக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.